எந்த நாளின் கார்?

1968 செப்டம்பரில் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது வெளிர்நீலமும் ஆரஞ்சும் பூசிய ஒரு ஃபோர்டு ஜிடி40. சேசிஸ் எண் பி/1075. ஓட்டியவர்கள் பெட்ரோ ரோட்ரிகஸ், லூசியன் பியாங்கி. ஒன்பது மாதம் கழித்து, 1969 ஜூனில், அதே சேசிஸ் எண் தாங்கிய கார் அதே பந்தயத்தை மறுபடியும் வென்றது. இம்முறை ஸ்டியரிங்கில் ஜாக்கி இக்ஸும் ஜாக்கி ஆலிவரும். வரலாற்றுப் புத்தகத்துக்கு இது ஒரே கார். பந்தயப் பட்டறைகளின் நடைமுறை தெரிந்தவர்கள் அப்படிச் சட்டென்று தலையாட்ட மாட்டார்கள். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எஞ்சின் இறங்கும், வேறொன்று ஏறும். பிரேக் மாறும். நசுங்கிய மூக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். சூடு தாங்கவில்லை என்று ஓட்டுநர் முனகினால் எங்காவது ஒரு துளை விழும்.

நகல் கட்டக் கிளம்புகிறவர்கள் சாதாரணமாக எஞ்சினில் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை குதிரைத்திறன், எந்தக் கார்புரேட்டர், எவ்வளவு ஆகும் என்று பேச்சு ஓடும். அதற்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த நாளின் காரைக் கட்டப்போகிறீர்கள்? கடையில் விற்ற காருக்கு ‘ஒரிஜினல்’ என்று ஒன்று உண்டு. தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அதுதான் ஒரிஜினல். பந்தயக் காருக்கு அந்த வசதி இல்லை. அது ஓடிய காலம் முழுக்க யாராவது அதை வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். ஆகவே ‘அச்சு அசல் நகல்’ என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கெங்கே மூலத்தை விட்டு விலகப்போகிறோம், எங்கே விலகவே கூடாது என்று ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் எழுதிவைத்துக்கொள்வதுதான் நகல் திட்டம். மற்ற எல்லாம் அந்தப் பட்டியலிலிருந்து வருபவை.

இதைப் பார்க்க ஜிடி40-ஐ விட வசதியான உதாரணம் கிடைக்காது. உலகில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட பந்தயக் கார்களில் அது ஒன்று. அருமையான நகலும் உண்டு, அழ வைக்கும் நகலும் உண்டு.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1963-ல் ஃபெராரி நிறுவனத்தை வாங்கப் போன இரண்டாம் ஹென்றி ஃபோர்டு கடைசி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார். எரிக் பிராட்லியின் லோலா மார்க் 6 காரை அடித்தளமாக வைத்து இங்கிலாந்தில் வேலை தொடங்கியது. ஸ்லவ் நகரப் பட்டறையை ஜான் வையர் நடத்தினார். எஃகுத் தகட்டு உடற்கூட்டை கோவென்ட்ரியின் அபே பேனல்ஸ் செய்து கொடுத்தது. தரையிலிருந்து கூரை வரை நாற்பதரை அங்குலம். பெயரில் உள்ள 40 அங்கிருந்து வந்தது. 1966 முதல் 1969 வரை லு மானில் தொடர்ந்து நான்கு வெற்றி.

அந்த நான்கு வெற்றிகளும் மூன்று வேறு இயந்திரங்களுடையவை. 1966-ல் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது 7 லிட்டர் எஞ்சின் கொண்ட மார்க் 2. 1967-ல் டான் கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் ஓட்டிய மார்க் 4, அமெரிக்காவில் வடிவமைத்தது. தேன்கூட்டு அமைப்புள்ள அலுமினியத் தகடுகளைப் பசையால் ஒட்டிச் செய்த உடற்கூடு. 1968-ல் விதிகள் மாறி 5 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு இடமில்லாமல் போனதும், பழைய மார்க் 1 மீண்டும் களமிறங்கியது, 4.9 லிட்டரோடு. ‘எனக்கு ஒரு ஜிடி40 நகல் வேண்டும்’ என்பவர் இதில் எதைச் சொல்கிறார்? விற்பனையில் உள்ள பல நகல்கள் மார்க் 2-இன் தோலைப் போர்த்திக்கொண்டு உள்ளே மார்க் 1 வகைச் சிறிய எஞ்சினை வைத்திருக்கின்றன. அது குற்றமல்ல. தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவே.

நகல்களில் சாதிகள் பல. உச்சியில் இருப்பவை, மூல நிறுவனமே மறுபடி கட்டுபவை. ஜாகுவார் 1963-ல் எடை குறைத்த இ-டைப் கார்களுக்கு 18 எண்கள் ஒதுக்கி 12 மட்டுமே கட்டியது. விட்டுப்போன ஆறை 2014-லிருந்து கட்டி விற்றது. 1957 பிப்ரவரியில் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலைத் தீயில் எரிந்துபோன ஒன்பது எக்ஸ்கேஎஸ்எஸ் கார்களுக்கு ஈடாகப் பின்னாளில் ஒன்பது. பென்ட்லி தன்னிடமிருந்த 1929-ஆம் ஆண்டு ‘பிளோயர்’ பந்தயக் காரை அக்கு அக்காகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் லேசரில் அளந்து, 12 புதிய கார்கள் செய்தது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய கணக்குப் புத்தகத்தில் மிச்சமிருந்த எண்களுக்கு இன்று உயிர் கொடுப்பதில் வியாபார சாமர்த்தியம் நிறைய இருக்கிறது. வேலைத்தரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

மூலமே கைவிட்டுப் போனதால் பிறந்த நகல்கள் இன்னொரு வகை. 1930-களின் ஆட்டோ யூனியன் கார்களில் பெரும்பாலானவற்றைப் போருக்குப் பிறகு சோவியத் படை அள்ளிக்கொண்டு போனது. அந்த 6 லிட்டர், 16 சிலிண்டர் எஞ்சினின் சத்தத்தை மறுபடி கேட்க ஆடி நிறுவனத்துக்கு இருந்த வழி, இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியிலுள்ள கிராஸ்த்வைட் அண்ட் கார்டினர் பட்டறையிடம் புதிதாகவே செய்யச் சொல்வது. இங்கே நகல்தான் ஆவணம். இதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது.

மூலத்துக்கும் நகலுக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்டால், 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கைச் சொல்ல வேண்டும். 1929, 1930 இரண்டு ஆண்டுகளும் லு மானை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், ‘ஓல்ட் நம்பர் ஒன்’. அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள், இதில் அந்தப் பழைய கார் எங்கே இருக்கிறது என்று பின்வாங்கினார்கள். சாட்சியங்களைக் கேட்டபோது, வென்ற நாளின் உலோகம் மிகச் சொற்பமே மிஞ்சியிருந்தது தெரியவந்தது. ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம். கார் ஒருநாளும் கலைந்து மறையவில்லை, மாறிக்கொண்டே தொடர்ந்து வாழ்ந்திருக்கிறது, ஆகவே பெயருக்கு உரிமை உண்டு என்றார் நீதிபதி ஓட்டன். இரும்பு எவ்வளவு பழையது என்பதை அவர் எடை போடவில்லை, தொடர்ச்சியைத்தான் பார்த்தார். புதிதாகக் கட்டுகிறவரிடம் இல்லாததும், காசு கொடுத்து வாங்க முடியாததும் அந்தத் தொடர்ச்சிதான்.

ஜிடி40 உலகில், உரிமம் பெற்றுச் செய்வோர் ஒரு பக்கம். சூப்பர்ஃபார்மன்ஸ் என்ற பெயரில் விற்கும் கார்களைத் தென்னாப்பிரிக்காவில், முன்பு போர்ட் எலிசபெத் என்று அழைக்கப்பட்ட நகரில், ஹை-டெக் ஆட்டோமோட்டிவ் செய்கிறது. எஃகுத் தகட்டு உடற்கூடு, அசல் காரின் பாகங்கள் பலவற்றை நேரே மாட்டலாம், சேசிஸ் எண்ணும் ஜிடி40 வரிசையில். மறுபக்கம், 1980-களில் பிரிட்டனில் கிளம்பிய கேவிஏ, ஜிடிடி போன்ற கிட் வகை: இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த சட்டம், மேலே ஃபைபர் கிளாஸ் உடல், கீழே சாதாரணக் குடும்பக் கார்களின் உதிரிகள். அமெரிக்காவின் ரேஸ் கார் ரெப்ளிக்காஸ் அலுமினியக் கூட்டைத் தேர்ந்தெடுத்தது. தென்னாப்பிரிக்காவிலேயே சிஏவி என்ற இன்னொரு நிறுவனம் துருப்பிடிக்காத எஃகில் செய்தது.

கூட்டின் வகைக்கேற்பக் குணமும் மாறும். அசலைப் போன்ற மெல்லிய எஃகுக் கூடு, நடத்தையில் அசலுக்கு மிக அருகே நிற்கும். பக்கவாட்டுப் பெட்டிகளுக்குள் துரு ஏறினால் வெளியே தெரியாது, தெரியும்போது காலம் கடந்திருக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் மோதிய பிறகு அதைச் சரிசெய்ய எல்லா டிங்கரிங் பட்டறையாலும் ஆகாது. குழாய்ச் சட்டத்தை ஊரில் உள்ள நல்ல வெல்டரே செய்துவிடலாம், பழுதும் பார்த்துவிடலாம். சொந்தக் கொல்லையில், சொந்தக் கையால் கட்ட நினைப்பவருக்கு நான் குழாய்ச் சட்டத்தைத்தான் சொல்வேன். மூலத்திலிருந்து அது விலகல்தான். பட்டியலில் முதல் வரியாக எழுதிக்கொண்டு முன்னே போகலாம்.

அளவுகள் எங்கே கிடைக்கும்? சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவிடம் அந்தக் காலத்தில் நிறுவனங்கள் கொடுத்த அனுமதிப் படிவம் முதல் சுரங்கம். ஐம்பது கார் கட்டியதாகக் காட்டி 1966-ல் ஜிடி40 ‘குரூப் 4’ அனுமதி பெற்றது. இத்தகைய படிவத்தில் சக்கர இடைவெளி முதல் வால்வு விட்டம் வரை, புகைப்படத்தோடு இருக்கும். நிறுவனம் பெருமையடித்துக்கொள்ள எழுதியதல்ல, பரிசோதகர் ஒப்பிட்டுப் பார்க்க எழுதியது, அதனால்தான் மதிப்பு. அடுத்து, ஒவ்வொரு சேசிஸின் வரலாற்றையும் தனித்தனியே தொகுத்த ரானி ஸ்பெயினின் புத்தகம். அதற்கடுத்து புகைப்படங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த நாளின் புகைப்படங்கள் மட்டும். 1966 காரின் மூக்கையும் 1969 காரின் வாலையும் சேர்த்து வைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அப்படி ஒரு கார் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை.

ஃபைபர் கிளாஸ் உடலை வாங்கும்போது ஒன்று விசாரிக்க வேண்டும்: இந்த அச்சு எதிலிருந்து எடுத்தது? அசல் காரிலிருந்து எடுத்த அச்சு அபூர்வம். நகலிலிருந்து அச்சு, அந்த அச்சில் வந்த உடலிலிருந்து இன்னொரு அச்சு என்று இறங்கிக்கொண்டே வந்திருக்கும். பிசின் இறுகும்போது சற்றே சுருங்கும். சரியாகத் தாங்கிப் பிடிக்காமல் அச்சைக் கழற்றினால் முறுக்கிக்கொள்ளும். நான்கு தலைமுறை தாண்டிய உடலில் கதவு இடைவெளி ஒரு முனையில் மூன்று மில்லிமீட்டர், மறு முனையில் எட்டு என்று நிற்கும். ஜிடி40-இன் கதவு கூரைக்குள் வெட்டி ஏறும் வடிவம் என்பதால் இந்தக் கோணல் மூன்று பக்கமும் பல்லிளிக்கும். அதைத் தேய்த்து நிரப்பி நேராக்குவதற்கு ஆகும் நேரம், பலருடைய திட்டத்தில் ஒரு வரியாகக்கூட இருக்காது.

உள்ளே உட்காருகிறவரின் உயரமும் வடிவமைப்பின் பாகம்தான். ஆறடிக்கு மேல் நாலு அங்குலம் இருந்த டான் கர்னிக்காகக் கூரையில் ஹெல்மெட் அளவுக்கு ஒரு புடைப்பு வைத்தார்கள். இன்றும் அதற்கு ‘கர்னி குமிழ்’ என்றுதான் பெயர். உயரமானவர்கள் நகல் கட்டும்போது இதைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், வரலாறே இடம் கொடுத்திருக்கிறது. காற்றோட்டத்துக்காக உலோக வளையங்கள் பதித்துத் துளையிட்ட அந்த இருக்கைத் துணியும் அலங்காரத்துக்கு வந்ததல்ல. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் முதுகுக்குப் பின்னால், கொதிநீர்க் குழாய்கள் நடுவே போகின்றன, ஜன்னல் முழுதாக இறங்காது. முதுகு வேகும்.

இனி எஞ்சின். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஃபோர்டின் சிறிய வி8 குடும்பத்தில் 289, 302, 351 என்ற கன அங்குல எண்கள் அடிக்கடி காதில் விழும். 302 மலிவாகக் கிடைக்கும், உடலும் சிறியது. குதிரைத்திறன் 500-ஐ நெருங்க நெருங்க, பழைய வார்ப்பு பிளாக் நடுவே பிளந்துவிடும் என்ற பயம் கூடவே வரும். 351 விண்ட்சர் பலசாலி, ஆனால் பிளாக்கின் உயரம் 302-ஐ விட 1.3 அங்குலம் அதிகம். வேறு காரில் யாரும் கவனிக்காத வித்தியாசம் அது. மொத்த உயரமே நாற்பது அங்குலமான காரில், நான்கு வெபர் கார்புரேட்டர்களின் ஊதுகுழல் வாய்கள் பின் கண்ணாடியை முட்டுமா முட்டாதா என்பதை அந்த 33 மில்லிமீட்டர்தான் தீர்மானிக்கும்.

ஜிடி40-இன் பின்பக்க மூடியைத் தூக்கியதும் கண்ணில் படுவது எஞ்சின் அல்ல, அதன் மேல் பின்னிக் கிடக்கும் வெள்ளைப் புகைக்குழாய்கள். ‘பாம்புக் கட்டு’ என்பது பந்தயக்காரர்கள் வைத்த பெயர். ஏன் அந்தப் பின்னல்? இந்த வகை வி8-இல் எட்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடித்தாலும், இடது வலது என்று மாறி மாறி வெடிப்பதில்லை. 289-இன் வெடிப்பு வரிசை 1-5-4-2-6-3-7-8. இதில் 1 முதல் 4 வரை வலப் பக்கம், 5 முதல் 8 வரை இடப் பக்கம். எண்ணிப் பாருங்கள்: 4-ம் 2-ம் அடுத்தடுத்து வலப்பக்கமே, 7-ம் 8-ம் அடுத்தடுத்து இடப்பக்கமே. ஒரு பக்கத்து நாலு குழாயை அப்படியே சேர்த்தால் இரண்டு வெடிப்பின் புகை ஒன்றையொன்று இடித்துத் தள்ளும். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தால் 1, 4, 6, 7 ஒரு குழு. 2, 3, 5, 8 மறு குழு. ஒவ்வொரு குழுவிலும் வலமிருந்து இரண்டு, இடமிருந்து இரண்டு. ஆகவே குழாய்கள் எஞ்சினைக் கடந்து எதிர்ப் பக்கம் போயே தீர வேண்டும். முன் எஞ்சின் காரில் இதற்கு இடமே கிடைக்காது. எஞ்சின் பின்னால் இருந்ததால் மேல்வழி திறந்திருந்தது. அந்தச் சீரான ஊளைச் சத்தமும் இதிலிருந்து வருவது.

351 விண்ட்சரின் வெடிப்பு வரிசை வேறு: 1-3-7-2-6-5-4-8. எனவே குழாய்க் கட்டையும் புதிதாக யோசிக்க வேண்டும் என்று தோன்றும். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்துப் பார்த்தால் 1, 7, 6, 4 ஒரு பக்கம். 3, 2, 5, 8 மறுபக்கம். அதே குழுக்கள்! வளைவுகளின் அளவு மாறும், இணைப்பு மாறாது. இந்தப் பின்னலை விட்டுவிட்டுச் சாதாரணக் குழாய் வைத்த நகல்கள் நிறைய உண்டு. செலவு மிச்சம்தான். ஆனால் விலகவே கூடாத இடங்களின் பட்டியலில் நான் இதைத்தான் முதலில் எழுதுவேன்.

எஞ்சினை விடப் பெரிய தலைவலி கியர் பாக்ஸ். மார்க் 1-இல் இருந்தது ஜெர்மனியின் இசட்எஃப் 5டிஎஸ்-25. அதன் நெருங்கிய உறவு டி டொமாசோ பன்டேராவில் இருந்தது. இன்று கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை கண்ணைக் கட்டும். அதே அச்சில் பிரிட்டனின் குவைஃப் புதிதாகச் செய்கிறது, அதுவும் மலிவல்ல. ஆகவே ஆளுக்கொரு மாற்று. போர்ஷே 911-இன் ஜி50 பலமானது. ஆனால் 911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, கியர் பாக்ஸ் அதற்கு முன்னால். ஜிடி40-இல் எஞ்சின் முன்னே, கியர் பாக்ஸ் பின்னே. அப்படியே திருப்பி மாட்டினால் முன்னே போக ஒரு கியரும் பின்னே போக ஐந்து கியரும் கிடைக்கும்! பெட்டியைத் தலைகீழாக மாட்டி, எண்ணெய் போகும் வழிகளை மாற்றியமைக்க வேண்டும். ஆடி, ரெனோ ஆகியவற்றின் முன்சக்கர இழுவைக் கார்களில் எஞ்சின் முன்னும் கியர் பாக்ஸ் பின்னுமாக நீளவாக்கில் இருப்பதால், அந்தத் தொகுதியை அப்படியே பின்னால் நகர்த்தி வைத்தால் திசை சரியாக வரும். ஆரம்பகால கிட் கார்கள் ரெனோ பெட்டிகளை நாடியதன் ரகசியம் அதுதான். பெரிய வி8-இன் முறுக்குவிசையை அவை எத்தனை நாள் தாங்கும் என்பது ஓட்டுகிறவரின் வலது காலைப் பொறுத்தது.

கியர் பாக்ஸ் தீர்மானமானால் கிளட்சின் விட்டம் தீரும். கிளட்சின் விட்டம் எஞ்சின் எவ்வளவு தாழ உட்காரும் என்பதைச் சொல்லும். அது எண்ணெய்த் தொட்டியின் ஆழத்தையும், தரைக்கும் தொட்டிக்கும் உள்ள இடைவெளியையும் சொல்லும். எஞ்சினை முதலில் வாங்கியவர்கள் இந்தச் சங்கிலியைப் பின்னோக்கி இழுக்கப் பார்த்து, சட்டத்தை இரண்டாம் முறை வெட்டுவார்கள்.

எதை நகலெடுக்கக் கூடாது என்பதற்கு வரலாறு கடுமையாகவே பாடம் எடுத்திருக்கிறது. 1964 ஏப்ரலில் லு மான் சோதனை ஓட்டத்துக்குப் போன முதல் இரண்டு ஜிடி40-களும் மோதி நொறுங்கின. வேகம் ஏற ஏறப் பின்பக்கம் தரையை விட்டு எழும்பியது. வால் நுனியில் ஒரு சிறு தடுப்புப் பட்டை வைத்த பிறகுதான் அடங்கியது. ‘ஆதி வடிவம்தான் அழகு’ என்று அந்தப் பட்டையை எடுத்துவிடும் நகல்காரர் அந்த விபத்தையும் சேர்த்தே நகலெடுக்கிறார். 1966 ஏப்ரலில் வால்ட் ஹான்ஸ்கன் மார்க் 2-இல் விபத்துக்குள்ளாகி இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று ரிவர்சைடு களத்தில், மார்க் 4-க்கு முன்னோடியான ஜே-கார் சிதறி கென் மைல்ஸ் இறந்தார். அதன் பிறகுதான் மார்க் 4-க்குள் உறுதியான உருள்கூண்டு வந்தது. மறு ஆண்டு லு மானில் மோதிய மரியோ ஆன்ட்ரெட்டி உயிரோடு வெளியே வந்தார்.

கதவுக்குக் கீழே இரு பக்கமும் ரப்பர் பைகளில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு நடுவே மனிதன் உட்காரும் அமைப்பு, 1960-களின் ஏற்பாடு. இன்று கட்டுகிறவர் எஃப்ஐஏ தர எரிபொருள் பையும், உள்ளே தெரியாமல் பொருந்தும் கூண்டும், ஆறு முனை பெல்ட்டும், தீயணைப்புக் குழாயும் வைப்பதில் சமரசம் செய்யக் கூடாது. இது ‘ஒரிஜினல்’ கெட்டுப்போகும் இடம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அவர்கள் காரை ஓட்டுவதில்லை, பார்க்கிறார்கள்.

சக்கரத்தில் மட்டும் நான் பழமைவாதி. அசல் 15 அங்குலம். டயரின் தடித்த பக்கச்சுவர்தான் அந்தக் காரின் நிற்கும் தோரணையே. 17, 18 அங்குலச் சக்கரம் மாட்டிய ஜிடி40 எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் பொம்மையாகத் தெரிகிறது. பழைய அளவில் பந்தய டயர் இன்றும் கிடைக்கிறது. அதிகப் பிடிமானமுள்ள நவீன டயர் போட்டால் சஸ்பென்ஷன் கைகளுக்கும் அவை சட்டத்தைப் பிடிக்கும் இடங்களுக்கும் மூலத்தில் கணக்கிடாத சுமை ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி நாட்டுச் சட்டம். அது இரண்டு விதத்தில் குறுக்கே வரும்: பெயரும் வடிவமும் யாருடையவை, சாலையில் ஓட்டலாமா. பெயரில் நடந்த வேடிக்கைக்கு ஃபோர்டே சாட்சி. 2002-ல் புதிய காரை ஜிடி40 என்று காட்டிய ஃபோர்டு, விற்பனைக்கு வந்தபோது ‘ஃபோர்டு ஜிடி’ என்று சுருக்கிக்கொண்டது. அந்தப் பெயரின் உரிமை வேறொரு சிறு நிறுவனத்தின் கையில் இருந்தது. கரோல் ஷெல்பி தன் கோப்ராவின் சாயலைக் காக்க ஃபேக்டரி ஃபைவ் என்ற கிட் நிறுவனத்தின் மேல் 2000-ல் வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. அந்த கிட் ‘ரோட்ஸ்டர்’ என்ற பெயரில் இன்றும் விற்கிறது. ஃபெராரி 250 ஜிடிஓ இன்னும் விசித்திரம். 2018-ல் ஒன்று 4.84 கோடி டாலருக்கு ஏலம் போன கார் அது. 2019-ல் போலோனா நீதிமன்றம் அதன் வடிவத்தைக் கலைப்படைப்பாக ஏற்று நகலைத் தடுத்தது. மறு ஆண்டே ஐரோப்பிய வணிகச்சின்ன அலுவலகம், ஃபெராரி பதிந்து வைத்திருந்த அதே வடிவச்சின்னத்தைப் பயன்படுத்தவில்லை என்று பெரும்பகுதி ரத்து செய்து, பொம்மைக் கார்களுக்கு மட்டும் விட்டுவைத்தது.

சாலை அனுமதி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 2015-ல் வந்த சட்டம், 25 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களின் சாயலில் ஒரு சிறு நிறுவனம் ஆண்டுக்கு 325 வரை கட்டி விற்க இடம் கொடுத்தது. அதற்கான விதிகள் 2022-ல்தான் கைக்கு வந்தன. தனியாள் கட்டுவதை மாநிலங்கள் பார்த்துக்கொள்கின்றன. கலிஃபோர்னியாவில் புகைச் சோதனைச் சலுகையோடு ஆண்டுக்கு 500 கார். பிரிட்டனில் தனி வாகன அனுமதிச் சோதனை உண்டு. காரின் வெளிப்புறத்தில் நூறு மில்லிமீட்டர் பந்து உருண்டு தொடக்கூடிய எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும் என்பதுபோல நுணுக்கமான விதிகள். உட்புறத்துக்கும் இதுபோன்ற விதி உண்டு, டேஷ்போர்டில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பழைய சுவிட்சுகள் அதில் மாட்டும். சோதனை நாளுக்கு ரப்பர் தொப்பி போட்டு, வீடு திரும்பியதும் கழற்றுவது ஊரறிந்த ரகசியம்.

இந்தியாவில்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கிச் சொன்னது. புதிதாகக் கட்டினால் ஒரு தொழிற்சாலை மாதிரிக்கு நடத்தும் அத்தனை சோதனைகளும் அந்த ஒற்றைக் காருக்கும் உண்டு. 2021-ல் வந்த பழம்பெரும் வாகன விதி, ஐம்பது வயது தாண்டி, மூல வடிவில் இருப்பதற்கு மட்டும். நகலுக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. மிஞ்சுவது பந்தயக் களம். இங்கே அது ஒன்றும் புதிய பாதையல்ல. சோழவரம் ஓடுபாதையில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே கையால் கட்டிய கார்களைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. கோவையின் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரே வடிவமைத்தார். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களத்துக்கோ செட்டிப்பாளையம் களத்துக்கோ லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுவதானால் நம்பர் பிளேட் கேள்வியே எழாது. அங்கே பரிசோதகர் பார்ப்பது கூண்டையும் பெல்ட்டையும் பெட்ரோல் பையையும்தான்.

முதல் முறை கட்டுகிறவருக்கு ஜிடி40 சரியான தேர்வா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். முன் எஞ்சின், ஏணிச் சட்டம், மஸ்டாங் உதிரிகள் என்று கோப்ரா வகை கிட் கருணை காட்டும். இன்னும் எளிது லோட்டஸ் செவன் சாயல். காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த அந்தக் காரின் அமைப்பை வைத்து, 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ரான் சாம்பியன் 1996-ல் எழுதிய புத்தகம், எத்தனையோ பேரை வெல்டிங் கற்க வைத்தது. அந்தத் தொகைக்குள் முடித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். கிட் கார் சந்தையில் ‘பாதி முடிந்தது’ என்ற விளம்பரங்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் பெரும்பாலும் எஞ்சின் பளபளவென்று இருக்கும். வயரிங்கும் கதவும் கண்ணாடியும் கிடப்பில் கிடக்கும். பணம் பெரிய பாகங்களில் போகிறது, ஆண்டுகள் சிறிய பாகங்களில் போகின்றன.

கட்டி முடித்து வெளிநாட்டுப் பழங்கார் பந்தயங்களில் ஓட்ட நினைப்பவர் எஃப்ஐஏவின் வரலாற்றுத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு வாங்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்து அமைப்புக்கு இந்தக் கார் பொருந்துகிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். பிறப்புக்கும் வம்சத்துக்கும் அது சான்றல்ல. வாங்கிய பாகங்களின் ரசீது, வெல்டிங் செய்த நாளின் படங்கள், விலகிய இடங்களின் பட்டியல், எந்தப் பந்தயத்தின் எந்தக் காரை முன்மாதிரியாக வைத்தோம் என்ற குறிப்பு, எல்லாம் ஒரே கோப்பில் காரோடு கைமாற வேண்டும். சேசிஸ் தகட்டில் கட்டிய ஆண்டும் கட்டியவரின் சொந்த எண்ணும் போதும். 1075 என்று அடித்துவைத்தால் இன்று அது வேடிக்கை. முப்பது ஆண்டு கழித்து, தகட்டில் துரு ஏறி, கார் மூன்றாம் கைக்குப் போயிருக்கும்போது அதைச் சாட்சியாகக் காட்டி யாராவது விலை பேசுவார்கள்.